திமிங்கலம் வராத ஞாயிற்றுக்கிழமை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் வாசகசாலையின் ஆண்டுவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், 'குடும்பங்களுக்கு டிவி டாக்குமென்டரிகளால் உண்டாகும் கல்விப் பயன்' என்பது பொருள் என்று செயலாளர் வந்து சொன்னபோது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் அதற்கு என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் என் கூட்டுக்காரன், அதாவது சிநேகிதன், ஏற்கெனவே என் பெயரைக் கொடுத்திருந்தான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர்கள் ஊரில் உண்டு, இவன் மழைக்காவது ஒதுங்கியவன் என்று சிபாரிசு வேறு. அதோடு விடவில்லை. அந்தத் திமிங்கலக் கதையை நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன் என்றான். அவன் எழுதினால் நான் கேலிப்பொருளாகிவிடுவேன். நானே எழுதினால் கொஞ்சம் பூசி மெழுகலாம்.

எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது ஊரில் எல்லா வீட்டுக்கும் வந்து, அவர்களுக்கு அது சலித்துப்போன பிறகு. கறுப்பு வெள்ளை டிவி. அடுத்த வீட்டில் கலர் வாங்கியபோது இது எங்களுக்கு வந்தது. வந்த கையோடு தங்கை சட்டம் போட்டாள். அவள் கல்லூரியில் படித்துக்கொண்டே சர்க்கார் வேலைப் பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருந்தாள். வாரப் பத்திரிகை ஒன்றில் யாரோ எழுதியிருந்தார்களாம், குடும்பமாக உட்கார்ந்து டாக்குமென்டரி பார்த்தால் பொது அறிவு வளரும், சண்டை குறையும், உள்ளத்தில் ஒற்றுமை பெருகும் என்று. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு முடிந்ததும் வீட்டில் உள்ள நாலு பேரும் டிவிக்கு முன் உட்கார்ந்தாக வேண்டும். கை கழுவிவிட்டு நைசாக வெளியே நழுவினால், சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள். அறிவை இப்படிக் கழுத்தைப் பிடித்துத்தான் ஊட்ட வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு சின்னக் கஷ்டம். டாக்குமென்டரி பேசுவது ஹிந்தி, இல்லாவிட்டால் இங்கிலீஷ். எல்லைப்புறம் ஆனதால் எங்கள் வீட்டில் தமிழும் மலையாளமும் தாராளம். அம்மா தமிழில் ஆரம்பிக்கிற வசவை மலையாளத்தில்தான் முடிப்பாள், அப்போதுதான் அவளுக்குத் திருப்தி. ஆனால் ஹிந்தி என்றால் ஒருத்தருக்கும் ஒரு அட்சரம் தெரியாது. டிவியில் வந்தவர்கள் பேசும் இங்கிலீஷோ, வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். தங்கைக்கே பாதிதான் பிடிபடும்.

எனவே மொழிபெயர்ப்பு வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, சேவை மனப்பான்மைதான். பாலைவனத்தில் ஒட்டகம் நடந்து போனால், இந்த ஒட்டகத்துக்குக் களியக்காவிளைச் சந்தையில் நல்ல விலை கிடைக்கும் என்று சொல்கிறார் என்பேன். தேனீ வந்தால், ராணித் தேனீ ஒரு வேலையும் செய்யாது, காலேஜுக்குப் போய்விட்டு வந்து எல்லாரையும் அதிகாரம் செய்யும் என்று சொல்கிறார் என்பேன். தங்கை விசிறியைத் தூக்கி எறிவாள். இப்படியாக உள்ளத்து ஒற்றுமை பெருகிக்கொண்டிருந்தது. அம்மா பாய் விரித்துப் படுத்தபடி, உறக்கத்திலேயே அறிவை வளர்த்துக்கொண்டாள்.

சொல்லப்போனால் எங்களில் நல்ல மாணவர் அப்பாதான். நாற்காலியை டிவிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி, முன்னால் சாய்ந்து, முடியும் வரை அசையாமல் இருப்பார். முடிந்ததும், நன்றாயிருக்கிறது என்பதற்கு "கொள்ளாம்" என்று மலையாளத்தில் ஒரு வார்த்தை. ஒட்டகமானாலும் கொள்ளாம், அணைக்கட்டானாலும் கொள்ளாம். அப்பாவைப் பார்த்துப் படி என்று தங்கை என்னிடம் சொல்வாள்.

அப்பாவிடம் ஒரு ஜீப் இருந்தது. பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் இடையே ஆள் ஏற்றி ஓட்டினார். பின்னால் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிடுகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் கிளி என்று பெயர். அந்தக் கிளி நான்தான். கிளி என்றால் ஊர்ப் பெயரைக் கத்தினால் போதும். ஆனால் எங்கள் ஜீப்பில் அதற்கு மேலும் வேலை இருந்தது. எதிரே பஸ் வருகிறது, இடது பக்கம் ஆடு, வளைவில் சைக்கிள் என்று எல்லாவற்றையும் நான் கத்திச் சொல்ல வேண்டும். முதலில் பின்னால் எடுக்கும்போது மட்டும்தான் கேட்டார். பிறகு முன்னால் போகும்போதும் கேட்டார். கடைசியில் என்னைப் பின்னால் தொங்கவும் விடாமல் தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். கண்டிப்பான மனிதர், பையனுக்குத் தொழில் பழக்குகிறார் என்று நானும் நினைத்தேன், ஏறுகிறவர்களும் நினைத்தார்கள். நானும் சும்மா சொல்வதில்லை. வலது பக்கம் கல்யாணப் பார்ட்டி வருகிறது, பெண்ணைவிட மாப்பிள்ளை அழகு என்றெல்லாம் சேர்த்துச் சொல்வேன். வண்டி குலுங்கச் சிரிப்பார்கள்.

ஒருநாள் பனச்சமூடு ஜங்ஷனில் துணிக்கடை வாசலில் சேலை கட்டிய பொம்மை ஒன்றை வெளியே நிறுத்தியிருந்தார்கள். அப்பா அதன் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தினார். தலையை வெளியே நீட்டி, ஏறுகிறீர்களா இல்லையா என்று மரியாதையாகக் கேட்டார். பொம்மை ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மறுபடியும் கேட்டார். "வாய தொறந்து பறயணும். வண்டி போவணும்லா." ஜீப்பில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் ஆரம்பித்துக் கொஞ்சம் கழித்துத்தான் சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலம் என் கூட்டுக்காரனிடம் பெருமையாகச் சொன்னேன், நான் செய்கிற கேலியெல்லாம் கேலியே இல்லை, அப்பாதான் குரு, விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும் என்று.

கூட்டுக்காரனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாறசாலையில் எங்கள் ஜீப் நிற்கிற இடத்துக்கு எதிரே டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறான். குளத்தூர்க் கடற்கரைக்காரன். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். இவனுக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே குமட்டும். அதனால் கரையேறி வந்து காற்றடிக்கிறான். அவன் அப்பா எப்போதோ ஒரு திமிங்கலத்தைப் பார்த்தாராம். வள்ளத்துக்குப் பக்கத்தில் அது எழுந்ததாம், அவர்கள் ஊர் மாதா கோயில் நீளம் இருந்ததாம், அது ஊதியதில் எல்லாரும் நனைந்துவிட்டார்களாம். இந்தக் கதையை அவர் ஜீப்பில் வரும்போதெல்லாம் சொல்வார், எங்கள் அப்பா ஒவ்வொரு முறையும் நம்பாமல் கேட்பார். மாதா கோயிலில் கோபுரத்தையும் சேர்த்தா, சேர்க்காமலா என்பார். இரண்டு பேருக்கும் இதில் உண்மையான மனத்தாங்கலே உண்டு.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை, முடி வெட்டும் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, மலையாளப் பத்திரிகையில் மறுநாளைய டிவி நிகழ்ச்சிகளைப் பார்த்தேன். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். மலையாளம் பேசச் சொன்னால் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற மாதிரி சரளமாகப் பேசுவேன். வாசிப்பது மட்டும் எழுத்துக் கூட்டித்தான். ஞாயிறு மத்தியானம், டாக்குமென்டரி, ஹிந்தி என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் பெயர். முதல் எழுத்து 'தி'. இரண்டாவது 'மி'. மூன்றாவது எழுத்துக்குப் போவதற்குள் எனக்குள் திமிங்கலம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருத்தன் எதற்கு மிச்சத்தை வாசிக்க வேண்டும்?

செய்தியை எல்லாருக்கும் சொன்னேன். தங்கை சந்தோஷப்பட்டாள், பாலூட்டிகளைப் பற்றிப் பரீட்சையில் கேட்பார்களாம். கூட்டுக்காரன், நானும் வருகிறேன், எங்கள் அப்பாவின் மானப் பிரச்சினை என்றான். அப்பாதான் ரொம்ப உற்சாகமானார். மறுநாள் சோற்றைக்கூட அவசரமாகத் தின்றுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவும் அன்று பாய் விரிக்கவில்லை. திமிங்கலம் பார்க்கப் போகிறோம் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

படம் ஆரம்பித்தது. ஹிந்தியில் ஏதோ எழுத்து வந்தது. பாட்டில்லாமல் ஒரு வாத்தியம் மட்டும் இழுத்தது. பிறகு திரை முழுவதும் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒன்று. நடுவில் பால் கலங்கின மாதிரி வெளுப்பு. அது மெல்ல அசைந்தது.

கூட்டுக்காரன் என் தொடையைக் கிள்ளினான். "எலே, இது கண்ணாக்கும்."

கண்தான். யாரோ ஒரு மனிதரின் கண்ணைத் திரை நிறையக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "திமிங்கலம் இல்ல அண்ணா. திமிரமாக்கும்."

திமிரம் என்றால் மலையாளத்தில் கண்புரை. கண்ணில் வெள்ளை விழுவது. திமி வரைக்கும் நான் சரியாகத்தான் வாசித்திருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தங்கைக்கு ஆத்திரம். ஆளுக்கொன்று சொல்ல வாயெடுக்கும்போது அப்பா சொன்னார்.

"எம்மோ, என்னா பெரிசு. அந்தா முதுகு மட்டும் வெள்ளத்துக்கு மேல வாறது பாத்தியளா."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பொம்மையிடம் ஏறுகிறாயா என்று கேட்ட மனிதர் அல்லவா? என் தவற்றை வைத்து என்னையே கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கூட்டுக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். அப்பா எங்கள் பக்கம் திரும்பவில்லை. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த நேரம் திரையில் ஒரு டாக்டரின் விரலும் அதில் ஒரு சின்னக் கருவியும் கண்ணுக்குப் பக்கத்தில் வந்தன.

அப்பா கூட்டுக்காரனைப் பார்த்துச் சொன்னார். "உனக்க அப்பன் சொன்னது நெசம்தாம்லே. வள்ளம் அதுக்க பக்கத்துல தீப்பெட்டி மாதிரி கெடக்கு."

குரலில் கேலி இல்லை. மனதார ஒப்புக்கொள்கிற குரல். எத்தனையோ நாளாக நம்பாமல் கேட்ட ஒரு கதையை அந்த நிமிடம் நம்பிவிட்ட மனிதரின் குரல். கூட்டுக்காரனின் சிரிப்பு முதலில் நின்றது. பிறகு என்னுடையது.

தங்கை எழுந்து அப்பாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "அப்பா, எத்தன வள்ளம் நிக்குது?"

"ரெண்டு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணு உண்டோ?" என்றார்.

திரையில் தலைப்பாகை கட்டிய வடநாட்டுக் கிழவர் ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார்.

டாக்குமென்டரியின் கல்விப் பயன் என்று கேட்டிருக்கிறார்கள் அல்லவா, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் டிவியில் நாடகம் வரும், செய்தி வரும், பாட்டு வரும். அதெல்லாம் நமக்குப் புரிகிற பாஷையில் இருப்பதால் காதை வைத்தே பார்த்துவிடலாம். அழுகிற சத்தம் கேட்டால் அழுகிறாள், கதவுச் சத்தம் கேட்டால் புருஷன் வந்துவிட்டான். அப்பா அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எங்களுக்குத் தெரியவில்லை. பாஷை புரியாத படத்தைக் கண்ணால் மட்டும்தான் பார்க்க முடியும். ஒட்டகத்துக்கும் அணைக்கட்டுக்கும் ஒரே மாதிரி கொள்ளாம் சொன்னது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

கூட்டுக்காரன் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விட்டான். அவனுக்கு இந்த விஷயத்தில் எல்லாம் என்னைவிட அறிவு உண்டு. படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்து, சோப்பு விளம்பரம் வந்தபோது தங்கை டிவியை அணைத்தாள். அது திமிங்கலம் இல்லை, கண்ணுக்கு ஆப்பரேஷன் செய்கிற படம் என்று அவள்தான் அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. மழைக்காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார். மழைக்காலம் முடிந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. பிறகு டிவிதான் பழசு என்றார். அம்மா கேட்டாள், எவ்வளவு நாளாக இப்படி என்று. அப்பாவுக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் கோபம் வந்தால் விஷயம் உண்மை என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தங்கை சொன்னதும் அப்பா கையை வீசினார். "கண்ணு கீறினவனுக்க வண்டியில எவன் ஏறுவான்? கீறி அதும் போச்சுண்ணா? இப்போ நெழலாவது காணுது."

அதுதான் விஷயம். இருட்டுக்கு அவர் பயப்படவில்லை. ஸ்டியரிங் போய்விடும் என்று பயந்தார். ஜீப் ஓட்டாத அப்பாவை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. டிரைவர் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். வீட்டில் அம்மாகூட வெளியாட்களிடம் டிரைவர் வந்திருக்கிறார் என்றுதான் சொல்வாள்.

நான் பேச வேண்டிய இடம் இது என்று எனக்குத் தோன்றியது. பயப்படாதீர்கள், படத்தில் அந்தக் கிழவருக்குக் கண் தெரிந்துவிட்டது, நான் பார்த்தேன் என்றேன்.

"நீ சொல்லாத. ஒட்டகத்துக்கு களியக்காவிளையில வெல சொன்னவன்தானே நீ."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையை மொழிபெயர்த்தேன். அதை வாங்க ஆள் இல்லை. தங்கை சொல்ல ஆரம்பித்து, முதல் வாக்கியத்திலேயே அழுதுவிட்டாள். அப்பா முகத்தை அம்மா பக்கம் திருப்பினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் உறங்கியவள், அன்று ஒரு நொடி கண்ணை மூடாமல் பார்த்திருந்தாள்.

"ஒரு கெழவன்," என்றாள் அம்மா. "கண்ணுல கட்டு போட்டிருந்தாவ. பொறவு அத அவுத்தாவ. முன்னால அவனுக்க பொண்டாட்டி நிண்ணா. அவன் அவளப் பாத்து சிரிச்சான்."

அப்பா கேட்டார். "அவ?"

"அவ சிரிக்கல்ல. சேலத் தலைப்ப எடுத்து மூஞ்ச மூடிட்டா."

ஹிந்தி தெரியாதவள், படம் பார்த்துப் பழக்கமும் இல்லாதவள், என்ன கண்டாளோ அதை மட்டும் சொன்னாள். நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னதைவிட அது நல்ல மொழிபெயர்ப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். மலரில் இதை அம்மா வாசித்துவிடக் கூடாது.

அப்பா எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போய், ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்தார். எனக்குத் தருவார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அம்மாவின் கையில் கொடுத்தார். வண்டி கிடக்கட்டும் என்றார். எனக்கு லைசென்ஸ் இல்லை என்பது அவருக்குக் கண் தெரியாமலேயே தெரியும்.

மறுநாள் நெய்யாற்றின்கரைக்குப் போனோம், பஸ்ஸில். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் முனகினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம் வயதுக்காரர். விளக்கடித்துப் பார்த்துவிட்டு மலையாளத்தில், திமிரம் நன்றாக முற்றிவிட்டது, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று அப்பா சொல்லவில்லை. சும்மா இருந்தேன் என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை, எனக்கே அது ஆச்சரியம். இரண்டு கண்ணிலும் உண்டு, ஒவ்வொன்றாகச் செய்யலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வண்டி ஓட்டலாமா என்பதைக் கட்டு அவிழ்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அப்பா அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

ஜங்ஷனில் எல்லாரும் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அப்பாவுக்குக் கண்ணில் திமிராம், டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். அது பண்டே உள்ளதுதானே என்று ஜங்ஷன் சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்திருக்கிறார்கள். தாங்கள் எத்தனை முறை அந்த ஜீப்பில் ஏறினோம் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். செங்கல் சிவன் கோயிலுக்கு அடிக்கடி போகிற வயதான அம்மை ஒருத்தி, இவ்வளவு நாளும் என்னைக் கொண்டு சேர்த்தது சிவபெருமான்தான், டிரைவர் இல்லை என்று ஸ்டாண்டில் நின்று சொன்னாள். அது வேடிக்கையாக ஊர் முழுக்கப் பரவியது. வீட்டுக்கும் வந்தது. நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன், அப்பா வாங்கிக்கொள்வார். இதற்கு அவர் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டுப் படுத்துவிட்டார்.

ஆப்பரேஷன் நடந்தது. கட்டு அவிழ்க்கிற அன்று நாங்கள் மூன்று பேரும் அறைக்குள் நின்றோம். தங்கை வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், பிரார்த்தனையா பொது அறிவா தெரியவில்லை. நர்ஸ் கட்டை எடுத்தாள். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் விரலைத் தாண்டிப் பார்த்தார். அங்கே அம்மா நின்றாள். எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது, இப்போது அம்மா சேலைத் தலைப்பை எடுப்பாள் என்று பார்த்தேன். அம்மா டாக்டரைப் பார்த்து, இனி சோற்றுக்கு மீன் கூட்டலாமா என்று கேட்டாள். அப்பாதான் கையால் முகத்தை மூடிக்கொண்டார். கண்ணில் கை வைக்கக் கூடாது என்று நர்ஸ் சத்தம் போட்டாள்.

மற்றக் கண்ணும் சில மாதம் கழித்து ஆயிற்று. கண்ணாடி வந்தது. கடைசியில் டாக்டர், இனி வண்டி ஓட்டலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா சாவியைக் கொடுத்தாள். அப்பா ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதில் எங்கெல்லாம் துரு ஏறியிருக்கிறது, எங்கெல்லாம் நான் துடைக்காமல் விட்டிருக்கிறேன் என்று வரிசையாகச் சொன்னார்.

ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினோம். நான் பழையபடி பனச்சமூடு, பனச்சமூடு என்று கத்தினேன். வழக்கமாக ஏறுகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள். நல்லா இருக்கிறீர்களா என்று விசாரித்தார்கள், பாசமாகத்தான் விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு அடுத்த ஜீப்பில் போய் ஏறினார்கள். அது நிறைந்து போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்துவதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் அன்று டிவிக்கு முன் உட்கார்ந்து பயந்தது இதற்குத்தான், இதோ அது நடக்கிறது என்று தெரிந்தது.

அப்போதுதான் அந்தச் செங்கல் கோயில் அம்மை வந்தாள். கையில் வீட்டுப் பூஜைக்கு வாங்கிய வெற்றிலை இருந்தது. ஜீப்புக்கு முன்னால், தள்ளி நின்று, அதை உயர்த்திப் பிடித்தாள். "டிரைவரே, இது என்னதுண்ணு சொல்லும் பாப்பம்."

ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

"வெத்தில," என்றார் அப்பா. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "கீழ உள்ளது அழுவல். கடைக்காரன் உம்மள ஏமாத்திப் போட்டான், மாத்தி வாங்கிட்டு வாரும். வண்டி நிக்கும்."

அம்மை வெற்றிலையைத் திருப்பிப் பார்த்தாள். அழுகல்தான். நேராகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டு, வேறு வாங்கிக்கொண்டு வந்து, முன் சீட்டில் இருந்த என்னை எழுப்பி விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். நான் பின்னால் தொங்கினேன். வழியெல்லாம் அப்பா ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டு வந்தார். மைல்கல், சுவரில் எழுதிய வைத்திய விளம்பரம், எதிரே வந்த லாரியின் நெற்றியில் இருந்த சாமி பெயர், தமிழானால் தமிழில், மலையாளமானால் மலையாளத்தில். நான் எதிரே பஸ் வருகிறது என்று பழக்கத்தில் கத்தியதற்கு, அது தூரத்தில் திரும்பும்போதே கண்டாயிற்று, நீ வாயை மூடிக்கொண்டு வா என்றார். பனச்சமூட்டில் இறங்கும்போது அந்த அம்மை, மறுநாள் கோயிலுக்குப் போகிற வழிக்கும் திரும்புகிற வழிக்கும் சேர்த்து இடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பாறசாலைக்குத் திரும்பி வந்ததும் நேராகப் பஞ்சர் கடைக்குப் போனேன். கூட்டுக்காரன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். வண்டி நிறைய ஆள் ஏறினதைச் சொன்னேன், வெற்றிலையைச் சொன்னேன். அப்பாவுக்கு இப்போது எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது, இலையில் இருக்கிற அழுகல் முதற்கொண்டு ஒன்றும் தப்புவதில்லை என்று பெருமையடித்தேன்.

அவன் டியூபிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

"அப்போ இனி உனக்க மூஞ்சியயும் தெனம் தெளிவா காணணுமே மக்கா, பாவம் மனுசன்."